சும்மா இருக்கிற பிள்ளை

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி ஒரே பதில்தான். "டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டு வீட்ல சும்மா இருக்கு."

சிறுமலைப் பழையூரில் என் வீட்டுத் திண்ணையும் அவளுடைய அம்மாச்சி வீட்டுத் திண்ணையும் எதிரெதிர். வாழைத்தார் ஏற்றிய குதிரை வந்தால் மனிதர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய சந்து அது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு எனக்குத் திண்ணைதான். காலையில் மிளகு காயப்போடுவேன், பொழுது சாய அள்ளுவேன், நடுவில் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, என் எதிரில் மனிதர்கள் அவரவர் பாட்டுக்கு இருப்பார்கள்.

2025 ஏப்ரல் முதல் வாரம் திண்டுக்கல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு தகரப்பெட்டி, இரண்டு சாக்கு நிறையப் புத்தகமும் நோட்டும். மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்தவள், 2019-இல் சேர்ந்த செட். கல்லூரிக்குள் நுழைந்து ஏழெட்டு மாதத்தில் கொரோனா வந்து, விடுதியைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்து, உடற்கூறியலைக் கைப்பேசியில் படித்த பிள்ளைகள் அவர்கள். படிப்பு முடிந்தது. ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு வார்டு வார்டாக நின்றதும் முடிந்தது. மருத்துவக் கவுன்சிலில் பதிவும் ஆயிற்று. சட்டப்படி அவள் டாக்டர். ஆனால் எம்.டி., எம்.எஸ். என்று மேலே படிக்க நீட் பி.ஜி. எழுத வேண்டும்.

அவள் வீடு கீழே, நாகல் நகரில். அப்பா பூட்டுத் தொழிலாளி. வீட்டு முன்கட்டுதான் பட்டறை. அரம் தேய்க்கிற சத்தத்திலும் தகடு தட்டுகிற சத்தத்திலும்தான் பிளஸ் டூ வரை படித்தாளாம். "இது பெரிய பரீட்சை, மேல போயிப் படி பாப்பா" என்று அப்பாவே அனுப்பிவைத்தார். கூடவே தன் கையால் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்றும் கொடுத்தனுப்பினார். உள்ளங்கையை நிறைக்கிற கனம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் மலைவாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. வாழைக்கு முடிக்கொத்து நோய், பூட்டுக்கு இயந்திரம். பெயர் நிலைத்த இரண்டு தொழிலிலும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பூட்டுப் பட்டறையிலிருந்து ஒரு பெண் எம்.பி.பி.எஸ். முடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் தெரு ஒருநாள்கூட உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வந்த அன்றைக்கே கைப்பேசியைத் தகரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். சாவியை அம்மாச்சியின் சுருக்குப்பையில் போட்டாள். பாடமும் கேள்வியும் டேப்லட்டில் இறக்கிவைத்திருந்தாள். எங்கள் சந்துக்கு டவர் சரியாக எட்டாது. ஊர் அதைக் குறையாகச் சொல்லும். அவள் அதற்காகவே வந்தாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எதிர்த் திண்ணையில் விளக்கு எரிந்தது. அதன்பிறகு நான்கு மாதம், அந்த விளக்குக்கு முன்னால் நான் எழுந்ததில்லை.

அந்தத் தேர்வின் கணக்கை நான் அவள் உட்கார்ந்து எழுந்ததிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். அதை ஐந்து பகுதியாக வெட்டியிருக்கிறார்கள். பகுதிக்கு 40 கேள்வி, 42 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் தீராமல் அடுத்ததற்குப் போக முடியாது. போய்விட்டால் பழையதற்குத் திரும்பவும் முடியாது. கேள்விக்கு 63 விநாடி. சரியானால் 4 மதிப்பெண், தவறினால் 1 போகும், தொடாமல் விட்டால் ஒன்றும் இல்லை. பத்தொன்பது பாடம். தலைமுடி முதல் கால் நகம் வரை, பிறப்பு முதல் பிரேதப் பரிசோதனை வரை எதிலிருந்தும் கேட்கலாம்.

முழுத் தேர்வு எழுதிப் பார்க்கிற நாளில் அம்மாச்சியிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள். அன்று அம்மாச்சி உலக்கையைத் தொடமாட்டாள். கோழியை விரட்டுகிறபோதுகூட வாய் திறக்காமல் கையைத்தான் வீசுவாள். இவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மூன்றரை மணி நேரம் எழமாட்டாள். கட்டைவிரல் மட்டும் திரையில் அசையும். எப்போதாவது கண்ணை மூடி, வலது கையால் இடது மணிக்கட்டைத் தொட்டு எதையோ தடவிப் பார்ப்பாள். நரம்பு போகும் வழியை நினைவில் தேடுகிறாள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

முடிந்ததும் தவறான விடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். தவறுக்கு ஒரு காப்பிக்கொட்டை, சிரட்டையில். அந்தச் சிரட்டை சித்திரையில் நிறைந்து வழிந்தது. வைகாசியில் வழியவில்லை. ஒருநாள் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டைகளை விரலால் அளைந்தபடி வெகுநேரம் இருந்தாள். அழுகை இல்லை. விரல் மட்டும் நிற்காமல் அளைந்தது. எழுந்து போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது? முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தவன் நான். இப்படி ஒரு பிள்ளையை எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் வேறு மாதிரி இருக்கும். அம்மாச்சி அவரைக்காய் ஆய உட்காருவாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று படித்ததில் ஒன்றைத் தமிழில் சொல்வாள். கதை மாதிரி. அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கதை கேட்கத் தெரியும். நடுவில் ஒரே ஒரு சொல்லைத்தான் போடுவாள்: "பெறகு?"

"புல்லுல, புதர்ல பொடிப்பூச்சி ஒண்ணு இருக்கும் அம்மாச்சி. கண்ணுக்கே தெரியாது."

"உண்ணியா?"

"உண்ணி இல்ல, அதவிடப் பொடிசு. அதோட குஞ்சு கடிச்சா, பத்து நாள்ல காய்ச்சல் வரும். தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்கும்."

"பெறகு?"

"கடிச்ச எடம் கருகிப் பொருக்கு தட்டும். சிகரெட்டால சுட்ட மாதிரி. வலிக்காது, அதனால அவங்களுக்கே தெரியாது. அக்குள்ல, இடுப்பு மடிப்புல, மார்புக்குக் கீழ இருக்கும். நாமதான் தேடணும்."

"பொம்பளையாளுக காட்ட மாட்டாளுகளே. பெறகு எப்பிடித் தேடுவ?"

அவளுக்கு உடனே பதில் வரவில்லை. அது எந்தக் கேள்வி வங்கியிலும் இல்லாத கேள்வி. இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் நோயாளியின் கட்டிலுக்கு அருகே நிறுத்தி, கைகட்டி நிற்கிற மாணவரைப் பேராசிரியர்கள் துருவுவார்களாம். அந்த நாளைவிட அம்மாச்சியின் "பெறகு" பெரிய தேர்வு என்று அவளே ஒருமுறை சொல்லிக் கேட்டேன்.

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஜூன் 15-ஐ வட்டம் போட்டு வைத்திருந்தாள். இரண்டு ஷிஃப்டாக நடத்துவதாக இருந்த தேர்வு அது. இரண்டு ஷிஃப்டுக்கும் இரண்டு வினாத்தாள், ஒன்று எளிது ஒன்று கடினம் என்றால் யாருக்கு நியாயம் என்று வழக்குப் போனது. மே 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே ஷிஃப்டில் நடத்தச் சொன்னது. தேதி ஆகஸ்ட் 3-க்குப் போயிற்று. நியாயமான தீர்ப்புதான், அவளும் அப்படித்தான் சொன்னாள். ஆனாலும் மலையேறுகிறவனிடம் இன்னும் ஏழு வளைவு இருக்கிறது என்று சொன்னால் கால் ஒரு நிமிடம் நிற்குமே, அந்த ஒரு நிமிடத்தை அவள் முகத்தில் பார்த்தேன். பழைய வட்டத்தை அடித்துவிட்டுப் புதிய வட்டம் போட்டாள்.

முந்தைய வருடம் இதைவிட மோசம். 2024-இல் மார்ச் 3 என்றார்கள், ஜூலை 7 என்றார்கள், ஜூன் 23 என்றார்கள். ஜூன் 22 இரவு, விடிந்தால் தேர்வு என்கிறபோது, தள்ளிவைத்ததாக அறிவிப்பு வந்தது. அவளுடைய சீனியர் அக்கா ஒருத்தி வெளியூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, நுழைவுச்சீட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தாளாம். கடைசியில் ஆகஸ்ட் 11 அன்று நடந்தது. அதைச் சொல்லும்போது அவள் குரல் தழைந்தே இருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது. வயலுக்குத் தண்ணீர் முறை வைக்கிறவர்கள்கூட இப்படி நள்ளிரவில் மடையை மாற்றமாட்டார்கள்.

ஆகஸ்ட் 3 ஆடிப்பதினெட்டு. "ஆடிப்பதினெட்டாப் பாத்து வெச்சிருக்காக. நல்ல நாளு" என்று அம்மாச்சிக்குத் திருப்தி. முந்தின நாளே மதுரைக்குப் போய்விட வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் மையத்தில் நிற்கவேண்டும், எட்டரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். கிளம்பும்போது மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் அம்மாச்சி.

"தோடு, வளையல் எதுவும் கூடாது அம்மாச்சி. கயிறும் வேணாம். வாசல்ல நிறுத்திக் கேட்டா பதட்டமாயிரும்."

மூக்குத்தியைக் கழற்றிவிட்டிருந்தாள். மூக்கில் அந்த இடம் மட்டும் வெளுத்து, ஒரு சின்னப் புள்ளி. அம்மாச்சி கயிற்றைச் சுருக்குப்பையில், சாவியோடு போட்டுக்கொண்டாள். கோப்பில் நுழைவுச்சீட்டு, அடையாள அட்டை, மருத்துவப் பதிவுச் சான்றின் நகல். மூன்றையும் மூன்று முறை எடுத்துப் பார்த்து மூன்று முறை வைத்தாள். பஸ் ஏறும்போது என்னைப் பார்த்து, "வர்றேன் வாத்தியார் தாத்தா" என்றாள். தலையாட்டினேன்.

அன்று நாடெங்கும் 301 நகரங்களில் 1,052 மையங்களில் 2.42 லட்சம் பேர் அந்தத் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டரை வரை. எல்லோரும் டாக்டர்கள். அவர்களுக்கு இருக்கிற இடமோ அதைவிட மிகக் குறைவு. பொது மருத்துவம், குழந்தை நலம், தோல், கதிரியக்கம் என்று எல்லோரும் கேட்கிற துறைகள் அதிலும் ஒரு பங்குதான். எங்கள் தெருவில் அந்த மூன்றரை மணி நேரம் அம்மாச்சி சித்திரான்னம் எதுவும் கிண்டவில்லை. திண்ணையில் பேத்தி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பேத்தி வந்ததும் முதல் வேலையாக மஞ்சள் கயிறு மணிக்கட்டுக்கு ஏறியது.

ஆகஸ்ட் 19 அன்று முடிவு வந்தது. பெட்டியைத் திறந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு டவர் தேடிப் போனவள், திரும்பி வரும்போது நடையைப் பார்த்தேன். வேகமும் இல்லை, தளர்வும் இல்லை. "கிடைக்கும் அம்மாச்சி. ஆனா நெனச்சது கிடைக்குமான்னு கவுன்சிலிங்லதான் தெரியும்." அந்த நிலையில்தான் பெரும்பாலோர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் ஆயிரத்தில் வந்தவர்களுக்குக் கவலை இல்லை, தகுதி பெறாதவர்களுக்கு அடுத்த வருடம் என்று ஒரு முடிவாவது உண்டு. நடுவில் இருக்கிறவர்கள் காத்திருக்கவேண்டும். கலந்தாய்வுக்கான பதிவே அக்டோபரில்தான் தொடங்கியது.

அந்த இரண்டு மாதத்தில்தான் "சும்மா இருக்கு" என்ற பேச்சு தடித்தது. கல்யாணத்துக்குப் பார்க்கலாமே என்று ஒருத்தி. கீழே ஏதாவது கிளினிக்கில் உட்காரலாமே என்று ஒருத்தர். மனப்பாடம் பண்ணுவதற்கு ஒரு தேர்வா என்று இன்னொருவர். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கட்டைவிரலை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், காப்பித் தோட்டத்தில் களையெடுக்கிற பெண் ஒருத்தி முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்து எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தாள். எட்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறாள். இவள் நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சற்றுநேரம் பேசாமல் இருந்தாள்.

"அக்கா, உள்ள வாங்க. கதவைச் சாத்திக்கிறேன். அம்மாச்சி, நீயும் வா."

கதவு மூடியது. சாரல் ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அம்மாச்சியின் குரல் பெரிதாகக் கேட்டது: "அடி ஆத்தீ, சுட்ட மாதிரியேல்ல இருக்கு!"

இடுப்புக்கு மேலே, ரவிக்கை முடிகிற இடத்து மடிப்பில், மிளகு அளவுக்குக் கரிய பொருக்கு. அவள் தாளில் எழுதிக்கொடுத்ததோடு நிற்காமல், குடையைப் பிடித்துக்கொண்டு அந்த அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்க்ரப் டைபஸ். டாக்சிசைக்ளின் மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, அந்தப் பெண் தோட்டத்துக்குப் போவதைப் பார்த்தேன். விட்டிருந்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று இறங்கி உயிர்வரைக்கும் போகக்கூடிய காய்ச்சலாம் அது.

புத்தகப் படிப்பு வேறு, நோயாளியைப் பார்ப்பது வேறு என்று சொல்கிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்திரையில் சிரட்டைக்குள் விழுந்த ஒரு காப்பிக்கொட்டை, அவரைக்காய் ஆய்ந்தபடி அம்மாச்சி கேட்ட ஒரு "பெறகு", ஐப்பசியில் சாத்திய அந்தக் கதவு, எல்லாம் ஒரே வேலைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடன் படித்த பையன் ஒருவன் மலைக்கு வந்தான். அவன் அமெரிக்காவுக்குப் போக விண்ணப்பித்திருந்தான். அங்கே தேர்வோடு முடிவதில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக நேர்காணலுக்கு அழைக்கும். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் திரை வழியாகத்தான். விண்ணப்பித்தவரும் தம் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுப்பார், மருத்துவமனைகளும் தங்கள் விருப்பத்தைக் கொடுக்கும். இரண்டையும் கணினி பொருத்தி மார்ச் மாதம் யாருக்கு எங்கே என்று சொல்லும். 1952-லிருந்து அங்கே இந்த ஏற்பாடு நடக்கிறதாம். அவனுக்கு அந்த வாரம் ஒரு நேர்காணல், ராத்திரி நேரத்தில். பழகிக்கொள்வதற்காகக் கேள்விகளை இவளிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னான்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க. ஏன் இந்தத் துறை? நீங்க செஞ்ச ஒரு தப்பு, அதுலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்க?" அவன் ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கிச் சொன்னான். அரைமணி நேரம் போயிற்று. பிறகு அவன் தாளைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினான்.

"இப்ப நீ சொல்லு. ஏன் ஜெனரல் மெடிசின்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. நம் நாட்டில் கேட்கிற வழக்கம் முன்பு சில இடங்களில் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேரவே எழுத்துத் தேர்வுக்குப் பின் நாள்கணக்கில் நேர்முகம் நடக்கும், பிள்ளைகளைப் பேசவிட்டுப் பார்ப்பார்கள். நீட் வந்து, 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தபின் தேர்வு மதிப்பெண்ணே எல்லாவற்றுக்கும் அடிப்படை. நேர்முகம் என்றால் சிபாரிசும் பாகுபாடும் நுழையும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. பூட்டுப் பட்டறைப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வரவில்லை என்று யாராவது தள்ளியிருக்கவும் கூடும். எண் அப்படித் தள்ளாது. ஆனால் எண் அவளை ஒன்றும் கேட்கவும் கேட்காது.

"தெரியலடா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "வார்டுல போஸ்டிங் இருந்தப்ப, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தாத்தா, தண்ணி வேணும்னு கூப்பிட்டாரு. தண்ணி கொடுக்கப் போனவ அவர் காலப் பாத்தேன். வீங்கியிருந்துச்சு. சாயங்காலம் இல்ல அது. அங்கேர்ந்து ஒவ்வொண்ணாக் கேட்டுக்கேட்டுப் போயி... எனக்கு அது பிடிச்சிருக்கு. ஆளைப் பாத்து, கேட்டுக் கண்டுபிடிக்கிறது."

அவன் எழுதிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

நவம்பரில் கல்லூரிப் பட்டியல் கொடுக்கிற நாள் தள்ளித்தள்ளி ஒருவழியாக வந்தது. முன்பெல்லாம் மாநிலக் கலந்தாய்வு என்றால் கோப்பைக் கட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போகவேண்டும், தரவரிசைப்படி பெயரைக் கூப்பிடுவார்கள். இப்போது திரையில்தான். அரசுக் கல்லூரி இடங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. மாநிலத்துப் பாதியிலும் ஒரு பங்கு அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு. மலையிலும் எட்டாத ஊர்களிலும் வேலை பார்த்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் உண்டு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அவளுக்கு அதனால் இடம் குறையும். ஆனாலும் அது இல்லாவிட்டால் மலைக்கு யார் வருவார் என்றுதான் அவள் சொன்னாள்.

டவர் வேண்டும். பதினெட்டாம் கொண்டை ஊசி வளைவுப் பக்கம் போனால்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும். அவளுடைய அப்பா கீழேயிருந்து எக்ஸெல் வண்டியில் ஏறி வந்துவிட்டார். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், விரல் மடிப்புகளில் இரும்புத்தூள் கறுத்திருந்தது. அம்மாச்சி என்னையும் துணைக்கு அனுப்பினாள். சாரல் விட்டு, கீழே சமவெளி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டிருந்தது. மலைக்கோட்டைப் பாறை, அதைச் சுற்றி ஊர்.

தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பட்டியலைக் கடைசியாக ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், தேனி, பிறகு நாங்கள் கேள்விப்படாத வடநாட்டு ஊர்கள். ஒன்றைத் தூக்கி மேலே வைத்தாள். மறுபடி கீழே இறக்கினாள். அப்பா திரையைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு மேல்தான் பட்டியலைப் பூட்ட முடியுமாம். பூட்டிவிட்டால் மாற்ற முடியாது.

நாலு இருபது. அவள் மூச்சை இழுத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள்.

"என்ன பாப்பா?"

"லாக் பண்ணிட்டேன்ப்பா."

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு."

அவர் அருகில் வந்து குனிந்தார். இந்த ஐம்பது வயது வரை பூட்டு செய்துவரும் மனிதர். ஒவ்வொரு பூட்டையும் பூட்டியபின் கொண்டியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்துத்தான் கீழே வைப்பார் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"ஒருதடவ இழுத்துப் பாத்துக்க பாப்பா."

அவள் அந்தப் பக்கத்தை மூடி, மறுபடி திறந்து, காத்திருந்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வளைவில் திண்டுக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. நாங்கள் மூவரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.